பாதிச் சுமை

1

"போதையில பண்ணிட்டாருன்னு சொன்னா தண்டனை கொறையுமாமே, அப்படியா?" என்று அத்தை கேட்டார்.

2016ஆம் ஆண்டு. ஓசூரில் ஒரு வழக்கறிஞரின் மாடி அறைக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். குடும்பத்தில் பொறியியல் படித்த முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது முதல் கொலை வழக்கு வரை எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் மென்பொருள் எழுதிவிட்டு வருகிறவன். இந்தியத் தண்டனைச் சட்டத்தை அதுவரை கையில் எடுத்ததில்லை.

நடந்தது இதுதான். சித்தப்பா சிப்காட் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பதினொரு வருடம் ஒரே இயந்திரத்தின் முன் நின்றும் நிரந்தரம் ஆகாதவர். குடிப்பார். முதலில் சம்பள நாளில் மட்டும், பிறகு வாரக்கடைசியில், பிறகு தினமும். காலையில் எழுந்ததும் கை நடுங்கும். நடுக்கம் நிற்பதற்காகவும் குடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் இரவு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சித்தி அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த பணத்தைக் கேட்டார். சித்தி தரவில்லை. தள்ளினார். வாசலில் கிடந்த துவைக்கிற கல்லில் சித்தியின் தலை மோதியது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அந்த மாதங்களில் நான் பேருந்தில் படித்துக்கொண்டிருந்தது தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு. அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நிறுத்தங்கள் கடந்து போகும். மடியில் பீட்டர்ஸ்பர்க். அந்த நாவலையும் அத்தையின் கேள்வியையும் என்னால் பிறகு ஒருபோதும் பிரிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த நாவலைப் பற்றியது. தஸ்தயெவ்ஸ்கி எழுதிய வேறொரு கட்டுரையையும், நான் எழுதி நீதிமன்றத்துக்குப் போன நான்கு பக்கங்களையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

2

வழக்கறிஞர் பொறுமையானவர். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து 85, 86 ஆகிய இரண்டு பிரிவுகளைக் காட்டினார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 23, 24 என்று எண் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. ஒருவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, தான் செய்வது என்னவென்றே அறிய முடியாத நிலையில் ஒன்றைச் செய்தால் அது குற்றமல்ல என்கிறது 85. தானே குடித்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை என்கிறது 86. போதையில்லாதபோது அவனுக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ, அதே அறிவோடு செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நிரல் எழுதிப் பழகிய கண்ணுக்கு இது ஒரே ஒரு 'இஃப்' கட்டளை. குடித்தது உன் விருப்பமா, இல்லையா? அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எந்தக் குவளையைப் பற்றிக் கேட்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இருபது வயதில் நண்பர்களோடு எடுத்த முதல் குவளையையா, நடுங்கும் கையை நிறுத்த அன்று காலையில் எடுத்ததையா? முதலாவதில் விருப்பம் இருந்தது. இரண்டாவதில் இருந்ததை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? மருத்துவம் அதற்கு நோய் என்று பெயர் வைத்திருக்கிறது. 1860இல் எழுதப்பட்ட அந்த வரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வழக்கறிஞர் பாஸ்தேவ் வழக்கைச் சொன்னார். 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, உட்கார இடம் விடச் சொல்லி ஒரு பையனிடம் கேட்கிறார். பையனுக்குப் பதினைந்து பதினாறு வயது. நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். போதையில் இருந்தார், பேச்சு குழறியது. ஆனால் நடந்தார், தப்பித்துப் போகவும் பார்த்தார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். அறிவு இழக்கும் அளவுக்குப் போதை இல்லை, செயலிலிருந்தே நோக்கத்தை ஊகிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கொலைக் குற்றம் உறுதியானது.

"அறிவு வேற, நோக்கம் வேற தம்பி" என்றார் வழக்கறிஞர். "தள்ளுனா அடிபடும்னு அவருக்குத் தெரியும், அதுல நாம வாதாட முடியாது. கொல்லணும்னு நெனச்சாரா? அங்கதான் நமக்கு எடம் இருக்கு. ஆயுதம் இல்ல, ஒரே ஒரு தள்ளு. 304 ரெண்டாம் பகுதிக்குக் கொண்டுவரப் பார்க்கலாம்."

அப்படியே ஆனது. 2019இல் தீர்ப்பு வந்தபோது கொலைக் குற்றம் விழவில்லை. மரணம் விளைவித்த குற்றம் விழுந்தது. எவ்வளவு தண்டனை என்று முடிவு செய்யும் முன் நீதிமன்றம் குற்றவாளியின் நிலைமையைக் கேட்கும். அதற்காக வழக்கறிஞர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "நீங்க எழுதுறவர்தானே? அவர் வாழ்க்கையை நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. நான் அதை வச்சுப் பேசறேன்."

3

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

தாத்தாவின் கேழ்வரகு நிலம் தொழிற்சாலைகளுக்குப் போனதிலிருந்து தொடங்கினேன். சொந்த நிலத்தின்மேல் எழும்பிய கட்டடத்துக்குள் அவர் மகன் தினக்கூலியாக நுழைந்ததை எழுதினேன். பக்கத்து இயந்திரத்தில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தில் பாதிகூட இல்லாத சம்பளம். இரண்டாவது ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடியும். மதுக்கடை மூடுவதும் பத்து மணிக்கு. அதன் பிறகு கூடுதல் விலைக்கு மறைவில் கிடைப்பது தொழிலாளிகள் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் சின்னச் சின்ன அட்டைப் பாக்கெட்டுகளில் விற்கிறார்கள், சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்துவிடலாம். அன்றிரவு சித்தப்பா குடித்தது எந்தப் பக்கத்துச் சரக்கு என்று வழக்கில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சட்டத்தின் பார்வையில் மது பாட்டிலுக்குள் தானாகத் தோன்றுகிறது.

அரசையும் எழுதினேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில். டாஸ்மாக் தரும் வருவாய் இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த விற்பனை நடப்பதோ, பெயரிலேயே மதுவிலக்கு என்று இருக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். தலைமைச் செயலகத்தில் அந்தத் துறையின் பெயர் 'உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'. காவல்துறையும் மதுவும் ஒரே துறையில் இருக்கின்றன. விற்பதும் அரசு, விற்றதைக் குடித்தவனைப் பிடிப்பதும் அரசு, நீதிமன்றத்தில் வழக்கின் பெயரில் எதிரே நிற்பதும் அரசு. அதே 2016 டிசம்பரில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கடைகளைக் காப்பாற்ற மேல்முறையீடு செய்தவர்களில் ஒன்று தமிழ்நாடு அரசு. இதையெல்லாம் கோபத்தோடு எழுதினேன்.

என் தொழிலும் அதற்கு உதவியது. எங்கள் அலுவலகத்தில் சர்வர் விழுந்துவிட்டால் மறுநாள் 'ரூட் காஸ்' கூட்டம் நடக்கும். அதில் ஒரே விதி, யார்மேலும் பழி போடக்கூடாது. தவறு செய்தவரைத் தேடாதே, தவறு செய்ய முடிகிற மாதிரி அமைந்த அமைப்பைத் தேடு. நல்ல விதி. அதையே சித்தப்பாவுக்குப் பொருத்தினேன். நிலம், ஒப்பந்தம், ஷிப்ட், கடை, அரசு என்று அம்புக்குறிகள் போட்டுக்கொண்டே போனதில் கடைசி அம்பு துவைக்கிற கல்லில் போய் நின்றது. நடுவில் சித்தப்பாவின் கை எங்கோ காணாமல் போயிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுப்பதற்கு முன் தங்கச்சி படித்தாள். சித்தப்பா மகள். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. விசாரணையில் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அவள்தான். நான்கு பக்கங்களையும் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாருக்கு அண்ணா. இதுல அம்மா எங்க?"

நான் பதில் சொல்லவில்லை.

"அப்பாவுக்குச் சூப்பர்வைசர் மேலதான் கோவம். எல்லா நாளும் அவரைத்தான் திட்டுவாரு. எவ்ளோ போதையில இருந்தாலும் அவர் வீட்டுப் பக்கம் ஒருநாளும் போனதில்ல. நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவாரு. தெரியாம பண்ணாருன்னு எப்படிச் சொல்றீங்க?"

4

மறுபடியும் நாவலுக்குப் போனேன்.

'குற்றமும் தண்டனையும்' நாவலின் ஒரு பாதி உண்மையில் வேறொரு நாவல். 1865இல் தஸ்தயெவ்ஸ்கி ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். 'குடிகாரர்கள்' என்று ஒரு நாவல் எழுதப்போகிறேன், குடியையும் அதன் கிளைகளாகக் குடும்பங்களையும் அங்கே பிள்ளைகள் வளரும் விதத்தையும் சொல்லப்போகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். பணம் வரவில்லை. அந்த நாவலும் வரவில்லை. அதன் மனிதர்கள் மட்டும் ரஸ்கோல்னிகோவின் கதைக்குள் வந்து சேர்ந்தார்கள். மார்மெலாதோவ், அவன் மனைவி காதரீனா இவானோவ்னா, மகள் சோனியா.

கொலைகாரனின் கதைக்கு இந்தக் குடிகாரக் குடும்பம் எதற்கு? முதல் வாசிப்பில், ரஸ்கோல்னிகோவை சோனியாவிடம் கொண்டு சேர்ப்பதற்கு என்று நினைத்தேன். இரண்டாம் வாசிப்பில் வேறொன்று தெரிந்தது. ரஸ்கோல்னிகோவிடம் தன் குற்றத்துக்கு ஒரு கோட்பாடு இருக்கிறது. மார்மெலாதோவிடம் எதுவுமே இல்லை. அவனுக்குச் சாக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது: வேலை போனது, வறுமை, காசநோயில் இருமும் மனைவி, பசித்த பிள்ளைகள். அத்தனையையும் சொல்கிறான், எதையும் சாக்காகச் சொல்வதில்லை. திரும்பக் கிடைத்த வேலையின் சம்பளத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நாளில் குடித்துத் தீர்த்தேன் என்கிறான். மகளிடம் போய் அவளிடம் கடைசியாக இருந்த முப்பது கோபெக்கை வாங்கிவந்து இப்போது குடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான். சோனியா முதன்முதலாகத் தன்னை விற்றுவிட்டு வந்து மேசைமேல் முப்பது ரூபிள் வைத்த அந்த மாலையைச் சொல்லும்போது, தான் அதே அறையில் போதையில் படுத்துக்கிடந்ததையும் சேர்த்துச் சொல்கிறான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. எல்லாவற்றையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

86ஆம் பிரிவு அனுமானமாக எழுதியதை மார்மெலாதோவ் வாக்குமூலமாகச் சொல்கிறான். போதையிலும் அறிவு இருந்தது. தங்கச்சி சொன்னதும் அதுவேதான்.

ஆனால் தஸ்தயெவ்ஸ்கி அங்கே நிறுத்தவில்லை. அதே மார்மெலாதோவ் பிறகு தெருவில் குதிரை வண்டிக்கு அடியில் விழுந்து சாகிறான். வண்டி யாரோ ஒரு பெரிய மனிதருடையது, அவர் எங்கோ அதற்காகக் காத்திருக்கிறார். வண்டிக்காரன் பெரிதாகப் பதறவில்லை. போலீஸ்காரர்களுக்கும் அந்தப் பெரிய மனிதருக்குத் தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்வதில்தான் அக்கறை. நாவலில் இரண்டு மூன்று வரிகளில் கடந்துபோகிற இடம். குடிகாரன் தன் குற்றத்தை முழுதாக ஏற்றுக்கொண்ட உலகத்தில், அவன்மேல் ஏறிய வண்டியின் சொந்தக்காரனுக்குப் பெயர்கூட இல்லை. அந்தக் காலத்து ரஷ்ய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகை மதுவிலிருந்து வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வண்டிகள் ஒன்றுக்கு மேல் என்பது புரியும்.

5

1873இல் தஸ்தயெவ்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். 'சூழல்' என்பது தலைப்பு. பின்னர் 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' தொகுதியில் இடம்பெற்றது. ரஷ்யாவில் அப்போது ஜூரி முறை புதிது. சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, பரிதாபப்பட்டு, குற்றவாளிகளை வரிசையாக விடுவித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், சூழல் அப்படி, வறுமை அப்படி என்று. என் நான்கு பக்கங்களும் அதே குரல்தான்.

கட்டுரையில் ஒரு வழக்கு வருகிறது. ஒரு விவசாயி மனைவியை வருடக்கணக்கில் அடிக்கிறான், தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறான். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். குற்றவாளிதான், ஆனால் இரக்கம் காட்டலாம் என்று ஜூரி சொல்கிறது. எட்டு மாதச் சிறை. எட்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்து, தாய்க்காகத் தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகளைக் கேட்பானே என்று தஸ்தயெவ்ஸ்கி பதறுகிறார். இந்த இடத்தைப் படித்தபோது பேருந்திலேயே புத்தகத்தை மூடி வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் சூழலே காரணம் என்று சொன்னால் மனிதனை மனிதனாக இல்லாமல் ஆக்கிவிடுகிறோம் என்பது அவர் வாதம். ஏழைக்கு நாம் காட்டும் இந்த இரக்கத்தில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது: உனக்கு நல்லது கெட்டது தெரியாது, நீ உன் நிலைமையின் பொம்மை. அதே வறுமையில், அதே வீட்டில், குடிக்காமல் அரிசி டப்பாவில் பணம் சேர்த்தவள் சித்தி. சூழல்தான் எல்லாம் என்றால் சித்தியை எப்படி விளக்குவது?

இந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தஸ்தயெவ்ஸ்கியைப் பழமைவாதி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர் பக்கம் நின்று ஏழையைத் தண்டிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. இரு தரப்பும் கட்டுரையின் அடுத்த நகர்வை விட்டுவிடுகிறார்கள். தீமையைத் தீமை என்று சொல்லுங்கள், ஆனால் தீர்ப்பின் சுமையில் பாதியை உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். நாம் இன்னும் மேலானவர்களாக இருந்திருந்தால் அவன் இங்கே நின்றிருக்க மாட்டான் என்ற வலியோடு நீதிமன்றத்துக்குள் போங்கள் என்கிறார். அந்த வலிக்குப் பயந்துதான் விடுதலை செய்துவிடுகிறோம். இரக்கம் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது.

இங்கே எனக்கு அவரோடு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பாதிச் சுமையை அவர் இதயத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இதயத்தில் வைத்த சுமைக்கு ரசீது கிடையாது. அரசுக்கு இதயமும் கிடையாது. அதனிடம் இருப்பது கணக்குப் புத்தகம்.

6

ஓசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் தொரப்பள்ளி. 1878இல் ராஜாஜி பிறந்த ஊர். இந்த மண்ணுக்கும் மதுவிலக்குக்கும் உள்ள உறவு அவரிடமிருந்து தொடங்குகிறது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த சேலம் மாவட்டத்தில்தான் அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். குடிகாரனின் பாதிச் சுமையைக் குடிக்காதவனும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று ஒரு வரிச் சட்டத்தின் வழியாகச் சொன்ன ஒரே ஆட்சியாளர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எழுத்தாளர் ராஜாஜியிடம் எனக்கு ஒரு பாராட்டும் ஒரு மனக்குறையும் இருக்கின்றன. திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் துணை நின்றார். குடியால் அழியும் ஒரு குடும்பத்தைச் சொன்ன அவரது 'திக்கற்ற பார்வதி' 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் படமாகவும் வந்தது. கதைக்குக் குடித்தவனின் பெயரை வைக்காமல் மனைவியின் பெயரை வைத்ததில் ஒரு பெரிய தெளிவு இருக்கிறது. குடிக் கதையின் மையம் குவளை பிடித்த கை அல்ல, அந்தக் கை போய் விழுகிற இடம். என் நான்கு பக்கங்களில் இல்லாத தெளிவு அது.

மனக்குறை, அந்தக் காலத்து மதுவிலக்குப் பிரச்சாரம் முழுவதன் மீதும். அதில் மது ஒரு அரக்கன். மனிதன் அதன் இரை. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். எழுவாய் குடி, செயப்படுபொருள் குடும்பம். குடித்தவன் வாக்கியத்தில் இல்லை. விற்றவனும் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியம் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. அதைப் பாட்டிலிலேயே அச்சடித்து விற்கலாம், வாங்கியவன் அதைப் படித்துக்கொண்டே மூடியைத் திருகலாம். 'திக்கற்ற' என்ற அடைமொழியிலும் எனக்குச் சின்ன உறுத்தல் உண்டு. திக்கு இல்லாமல் போவது பெண்ணின் விதி மாதிரி ஒலிக்கிறது. திக்கை அடைத்தவர்கள் யார் என்ற பட்டியலைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

7

2024 மே 19 அன்று புணேயில் ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இருவர் இறந்தார்கள். இருவரும் இருபத்து நான்கு வயது மென்பொருள் பொறியாளர்கள். ஓட்டியவன் பதினேழு வயதுச் சிறுவன், கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் மகன். குடித்திருந்தான் என்றது காவல்துறை. அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தைகளில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நாடு முழுக்கக் கொதித்த பிறகு அந்த உத்தரவு மாறியது. அவனுடைய ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்களே கைதானார்கள்.

எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கொதித்தோம். இறந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். அன்றிரவு என் பழைய நான்கு பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஒரு கட்டுரைதானே? குடித்தவனுக்காக, சட்டத்திடம் இரக்கம் கேட்டு எழுதப்பட்டது. சித்தப்பாவுக்கு அது ஒரு நாளைக்கூடக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஏழு வருடம் விதித்தார்கள். கட்டுரையின் தரத்தில் வித்தியாசம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ஏற்றத்தாழ்வு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. என்னையே எடுத்துக்கொள்கிறேன். நானும் குடித்திருக்கிறேன். கம்பெனி விருந்துகளில், கோரமங்களாவின் மதுவிடுதிகளில், காசு கொடுக்காமலும் கொடுத்தும். ஒருமுறை நிற்க முடியாத அளவுக்கு. யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். நண்பன் ஒருவன் என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டான். இன்னொருவன் கேப் பிடித்தான். ஓட்டுநர் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து ஓசூரில் இறக்கிவிட்டார். எனக்கென்று தனி அறை, உள்ளே தாழ் போட்டுத் தூங்கினேன். மறுநாள் 'உடம்பு சரியில்லை' என்று ஒரு மின்னஞ்சல், சம்பளத்தோடு விடுப்பு.

போதைக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. எனக்கு அந்த இடைவெளியில் கேப் இருந்தது, தனி அறை இருந்தது, விடுப்பு இருந்தது. எல்லாம் பணம் போட்டு வைத்த மெத்தைகள். நான் நல்லவனாக இருந்ததால் தப்பவில்லை, விழுந்த இடமெல்லாம் மெத்தையாக இருந்ததால் தப்பினேன். புணேச் சிறுவனுக்கு அந்த மெத்தைகளும் போதாமல் போனபோது, வக்கீலும் மருத்துவமனையும் புது மெத்தையாக வந்து சேரப் பார்த்தார்கள். சித்தப்பாவின் ஒற்றை அறை வீட்டில் அந்த இடைவெளியில் நின்றது சித்தி. ஏழை வீடுகளில் மெத்தையின் இடத்தில் மனைவிதான் நிற்கிறாள். சம்பளம் போனால் அவள் வேலைக்குப் போகிறாள், கடன் வந்தால் அவள் தாலி அடகுக்குப் போகிறது, கை ஓங்கினால் அவள் தலை.

இதைத்தான் என் நான்கு பக்கங்கள் தவறவிட்டன. ஏற்றத்தாழ்வை நான் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் பார்த்தேன். அது வீட்டுக்குள்ளும் தொடர்ந்தது. மேலே இருப்பவனைத் தொட முடியாத கோபம், போதையிலும் வழி தவறாமல், கீழே இருப்பவளைத் தேடி வந்தது. சித்தப்பாவின் குற்றத்தைச் சூழலின் கணக்கில் எழுதினால், அந்தச் சூழலால் அவரைவிட அதிகம் நசுக்கப்பட்டவளின் சாவுக்கு யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும்.

8

அப்படியென்றால் அரசின் பங்கு? அதை விட்டுவிடலாமா?

பொறுப்பை ஒரு ரொட்டி மாதிரி நினைத்ததுதான் என் தவறு. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்று. சித்தப்பாவின் பொறுப்பு முழுமையானது. விற்றவரின் பொறுப்பு தனியாக, அதன் முழுமையோடு, இன்னொரு கணக்கில் எழுதப்பட வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நிற்க முடியாத நிலையில் இருப்பவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த மதுக்கடைக்காரர், அவனால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு தரவேண்டும். குடித்தவனின் தண்டனை அதனால் குறைவதில்லை. இங்கே கடைக்காரர் அரசு என்பதால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது அரசு. கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேள்வி வேறு. சட்டவிரோதச் சாராயத்தில் செத்தவர் குடும்பத்துக்கு அரசின் பொறுப்பு உண்டு என்றால், சட்டப்படி விற்ற மதுவைக் குடித்தவன் கையால் செத்தவளுக்கு? குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பொதுவான இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் விற்றவரின் பங்கு என்று அதில் ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு பாட்டில் விலையிலும் அவள் பெயரில் ஒரு ரூபாய் ஒதுக்கப்பட்டால், அந்தப் பாதிச் சுமைக்கு முதன்முறையாக ஒரு ரசீது கிடைக்கும். மதுவிலக்கா, மதுக்கடையா என்று நாம் எண்பது வருடமாக நடத்தும் விவாதத்தில் அந்த ரசீதைக் கேட்டவர்கள் குறைவு.

சித்தப்பா 2022 கடைசியில் வெளியே வந்தார். சிறையில் குடி நின்றிருந்தது, வெளியே வந்த மூன்றாம் மாதம் மறுபடி கை நடுங்க ஆரம்பித்தது. தங்கச்சி இப்போது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பொறியியல் பாதியில் நின்றது, பிறகு அஞ்சல்வழியில் ஒரு பட்டம் முடித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறாள். மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாள், டீ வாங்கிக் கொடுக்கிறாள், அவர் தங்கியிருக்கும் அத்தை வீட்டுத் தெருமுனை வரை கொண்டுபோய் விடுகிறாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வைத்தியம் வேற அண்ணா, அது வேற" என்றாள்.

அவள் தன் வீட்டுக்குள் அவரை விடுவதில்லை. துவைக்கிற கல் இன்னும் அந்த வாசலில்தான் கிடக்கிறது.